நாஞ்சில் நாட்டில் ஒரு குதிரைப் பைத்தியம்

கால்நடைக் கணக்கெடுப்பு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும். மாடு, எருமை, ஆடு, பன்றி, கோழி என்று கட்டங்கள் வரிசையாக ஓடும். ஓரத்தில் குதிரை, மட்டக்குதிரை, கோவேறு கழுதை, கழுதை என்று சில கட்டங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். கால்நடை மருத்துவராக நான் சொந்த மாவட்டத்தில் உத்தியோகம் பார்த்த காலத்தில், என் மேஜைக்கு வந்த தாள்களில் அந்த ஓரக் கட்டங்களில் பெரும்பாலும் ஒரு சின்னக் கோடுதான் கிடக்கும். கழுதைக்காவது எங்காவது ஒரு எண் விழும். குதிரைக்கு விழாது. இருந்தாலும் கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு கட்டத்தை மட்டும் தாள் தாளாகப் பார்ப்பேன். கம்பவுண்டர் சிரிப்பார். "சார், தேடுங்க தேடுங்க, எவனாவது ஒளிச்சு வச்சிருப்பான்."

நாஞ்சில் நாடு குதிரைக்கு ஆன மண் இல்லை. தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல். பூமி காய்ந்து கிடக்கும் மாதங்கள் குறைவு. வரப்போ மனுஷன் ஒற்றைக்காலாக நடக்கிற அகலம்தான். எருமைக்கு இது சொர்க்கம். குதிரையோ வறண்ட நிலத்துப் பிராணி. ஈரத்திலேயே நின்றால் அதன் குளம்பு ஊறி, அடிப்பாகம் அழுகும். மழைக்காலத்து மாட்டு ஈ கடித்தால் சர்ரா என்கிற ரத்தக் காய்ச்சல் வரும். மாடு அதைத் தாங்கிக்கொள்ளும், குதிரை மெலிந்து மெலிந்து விழுந்துவிடும்.

ஆனால் சாமிகளுக்குக் குதிரைப் பஞ்சமே கிடையாது. விஜயதசமியன்று கன்னியாகுமரி பகவதி அம்மன் வெள்ளிக் குதிரை வாகனத்தில் ஏறி மகாதானபுரத்துக்குப் பரிவேட்டைக்குப் போவாள், பாணாசுரனை அம்பெய்து கொல்ல. சாமித்தோப்பில் எட்டாம் திருநாளன்று அய்யா வைகுண்டர் வெள்ளைக் குதிரை வாகனத்தில் முத்திரிக்கிணற்றுக்குக் கலிவேட்டையாடப் போவார். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சரஸ்வதி அம்மன் புறப்படும்போது, கூடப் போகிற வேளிமலை முருகனுக்கும் வெள்ளிக் குதிரை உண்டு. எங்கள் ஆச்சி சொல்வாள், நடுச்சாமத்தில் குளம்புச் சத்தம் கேட்டால் ஜன்னலைத் திறக்கக் கூடாது, சாஸ்தா வேட்டைக்குப் போகிறார் என்று. நான் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன். ஒரு ராத்திரிகூட அவர் எங்கள் தெரு வழியாகப் போகவில்லை.

நிஜக் குதிரையை நான் பார்த்தது கோட்டாற்றில். அப்பாவுக்குக் கம்பளம் என்கிற சந்தையில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கெழுதுகிற வேலை. 1950-களின் நடுப்பகுதி, இன்னும் நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில்தான் இருந்தோம். நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979-இல்தான். அதனால் மற்ற ஊர்களில் ரயிலடியில் நிற்கிற குதிரை வண்டிகள் எங்கள் ஊரில் சந்தையை ஒட்டியும் பஸ் நிற்கிற இடத்தை ஒட்டியும் நின்றன. பிரசவத்துக்கு வடசேரி கேதரின் பூத் ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்கள், சவேரியார் கோயில் திருவிழாவுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள், கச்சேரியில் வழக்கு உள்ள பண்ணையார்கள், இவர்கள்தான் சவாரி. வண்டிக்குள் வைக்கோல் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம் விரித்திருக்கும். முன்பாரம் பின்பாரம் சரியில்லையென்றால் வண்டிக்காரர் தயவுதாட்சண்யமில்லாமல் ஆளை மாற்றி உட்கார வைப்பார். "பண்ணையாரே, கொஞ்சம் முன்னால வாரும், குதிர மேல தூக்குது." பண்ணையாரை நகரச் சொல்லும் தைரியம் ஊரில் வேறு யாருக்கும் கிடையாது.

அந்த வண்டிக்காரர்களில் ஒருவர் இடலாக்குடிக்காரர். ஊர் அவரைக் குதிரைக்கார சாயிபு என்றது. நான் மாமா என்று கூப்பிட்டேன். அவருடைய பெண்குதிரைக்குப் பெயர் ராசாத்தி. செம்பட்டை நிறம், நெற்றியில் விரலகல வெள்ளை, இடது பின்காலில் மட்டும் வெள்ளைச் சாக்ஸ். குதிரை விற்கிற தரகர்கள் நாலு காலும் முகமும் வெள்ளையாக இருப்பதைப் பஞ்சகல்யாணி என்று கொண்டாடுவார்கள். ஒற்றைக் கால் வெள்ளைக்குப் பெருமை எதுவும் இல்லை. சுழியிலும் ஏதோ குறை சொன்னார்களாம், அதனால்தான் மலிவாகக் கிடைத்தது என்று மாமா பெருமையாகவே சொல்வார். "சுழி பாத்து வாங்குனவன் வண்டியெல்லாம் ஓடையில கெடக்கு மக்கா. நான் காலப் பாத்து வாங்கினேன்."

குதிரையைப் பற்றி எனக்கு இன்றைக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொல்லித்தந்தது. முதல் பாடம், எங்கே நிற்பது. பின்னால் நிற்காதே, உதைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். நேர் முன்னாலும் நிற்காதே என்பது பலருக்குத் தெரியாது. குதிரைக்குக் கண் இரண்டும் பக்கவாட்டில். மூக்குக்கு நேர் முன்னால் ஒரு சின்ன இடம் அதற்குத் தெரியாது. "தோள் பக்கமா வா. பேசிக்கிட்டே வா. ஆரு வாறான்னு அதுக்குத் தெரியணும்லா." எதையாவது பேச வேண்டுமே என்று நான் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே போவேன். பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு இன்றும் தடங்கலில்லாமல் வருகிறதென்றால் ராசாத்தி காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்ததுதான் காரணம்.

இரண்டாம் பாடம் தீனி. காணத்தை, அதாவது கொள்ளை, முந்தின ராத்திரியே ஊறப்போட வேண்டும். காய்ந்த காணத்தைக் கொடுத்தால் வயிற்றில் போய் ஊதும். முதலில் தண்ணீர் காட்டு, பிறகு புல், கடைசியில் காணம். சவாரி முடிந்து வேர்த்து நிற்கும்போது வயிறு நிறையத் தண்ணீர் கொடுக்காதே. ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. வாங்குகிற புல்லைக் கைநிறைய எடுத்து முகர்ந்து பார். மக்கல் வாடை இருந்தால் மாட்டுக்குப் போடலாம், குதிரைக்குப் போடாதே. பின்னாளில் வெட்னரி கல்லூரியில் இதையே தடித்த புத்தகத்தில் படித்தேன். வரிசைகூட ஏறக்குறைய மாறவில்லை.

மூன்றாவது பாடம்தான் எனக்குப் பிடித்தது: கால். சாயங்காலம் வண்டியை அவிழ்த்ததும் மாமா ராசாத்தியின் தோளில் சாய்ந்து, கையை முழங்காலிலிருந்து கீழே வழித்துக்கொண்டு போவார். கணுக்காலருகே கை வந்ததும் அது தானாகவே காலைத் தூக்கித் தரும். குளம்பின் அடியில் நடுவே முக்கோணமாக ஒரு மெத்தைப் பாகம் இருக்கும். அதன் இரு பக்கத்துப் பள்ளத்திலும் சிக்கிய கல், ஆணி, சாணி எல்லாவற்றையும் ஒரு வளைந்த கம்பியால் கிளறி எடுப்பார். பிறகு முகர்ந்து பார்ப்பார். அழுகல் இருந்தால் மூக்குக்குத்தான் முதலில் தெரியும். மாட்டுக்கு லாடம் கட்டக் கயிறு போட்டுக் கீழே தள்ளுவார்கள். குதிரையை அப்படித் தள்ளக் கூடாது. அது நம்பிக் காலைக் கொடுக்க வேண்டும். லாடக்காரர் அந்தக் காலைத் தன் தொடைகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு ஆணி அறைவார். குளம்பு நம் நகத்தைப் போலத்தான், மாதம் முக்கால் சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒன்றரை மாதத்துக்கொருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி கட்ட வேண்டும். வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் லாடக்காரர் கூலி நிற்காது. பெரும்பாலான வண்டிக்காரர்கள் தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போட்டவரின் குதிரையை நடையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழையாற்றில் குளிப்பாட்டு. ஆற்றுக்குப் போகும்போது என்னை முதுகில் ஏற்றிவிடுவார். சேணம் கிடையாது, வெறும் சாக்கு. உயரத்திலிருந்து ஒழுகினசேரியைப் பார்த்தவன் எங்கள் வகுப்பில் நான் ஒருவன்தான். அம்மாவுக்கு அது பிடிக்காது. "எப்ப பாத்தாலும் குதிர நாத்தம்" என்று கிணற்றடியிலேயே நிறுத்தித் தலையில் தண்ணீரைக் கொட்டுவாள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது ராசாத்தியின் கழுத்தில் தோவாளைச் செவ்வந்தி மாலை போட்டு வண்டியை ஊரெங்கும் ஓட்டினார் மாமா. இணைப்புக்குப் போராடிய தலைவர் மார்ஷல் நேசமணி வாழ்க என்று நாங்கள் பையன்கள் பின்னால் தொற்றிக்கொண்டு கத்தினோம். ராசாத்திக்கு மொழிவழி மாநிலத்தில் ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. பாதி மாலையை அது தின்றுவிட்டது.

பத்மநாபபுரம் அரண்மனையை மாவட்டம் இணைந்த பின்னும் கேரளம் வைத்துக்கொண்டது என்று பெரியவர்களுக்கு வருத்தம். எனக்கு அதில் வேறு ஒரு கவலை: குதிரை விளக்கு அங்கேதான் இருக்கிறது. நுழைவு மண்டபத்தில் சங்கிலியில் தொங்கும் பித்தளை விளக்கு அது. குதிரைமேல் ஒரு வீரன். எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் அந்தப் பக்கமே பார்த்து அசையாமல் நிற்கும். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது எல்லாரும் சீன நாற்காலியையும் கண்ணாடி போலப் பளபளக்கும் தரையையும் பார்த்துக்கொண்டிருக்க, நான் அந்த விளக்கின் அடியிலேயே நின்றேன். வாத்தியார் காதைப் பிடித்து இழுத்துப்போனார். பிறகு திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் கட்டிய குதிர மாளிகையையும் பார்த்தேன். கூரைக்குக் கீழே வரிசையாக 122 மரக் குதிரைகள். அழகுதான். ஆனால் ஒன்றாவது ஒரு காலைத் தளர்த்திக்கொண்டு நிற்கிறதா? நிஜக் குதிரை நின்றுகொண்டே தூங்கும்போது பின்காலில் ஒன்றை மடக்கி முனையில் வைத்துக்கொள்ளும். மற்றதைப் பூட்டிக்கொள்ளும் வசதி அதன் எலும்பிலும் தசைநாணிலும் இருக்கிறது. சிற்பிக்கு அந்த நிலை பிடிக்கவில்லை போலிருக்கிறது. முன்னங்காலைத் தூக்கிப் பாய வேண்டும், அப்போதுதான் அவர்களுக்குக் குதிரை.

சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய வெட்னரி கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தபோது மாமாவிடம்தான் முதலில் சொன்னேன். கல்லூரியில் சேர்ந்ததும் தெரிந்தது, எங்கள் புத்தகங்களில் பல குதிரையை வைத்தே எழுதப்பட்டவை என்று. குதிரைக்கு விலா எலும்பு பதினெட்டு ஜோடி, மாட்டுக்குப் பதின்மூன்று. குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் போயாக வேண்டும். ஒன்றரை வரிச் செய்திதான் இது. இந்த ஒன்றரை வரியால் செத்த குதிரைகளுக்குக் கணக்கில்லை. விடிகாலையில் கிண்டிப் பந்தய மைதானத்தில் குதிரைகளைப் பழக்குவதை வேலிக்கு வெளியே நின்று பார்க்கப் போவோம். பந்தயம் கட்ட ஒருநாளும் தோன்றியதில்லை, கட்டக் காசும் இல்லை. 2024-இல் அரசு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது என்று படித்தபோது, விடிகாலைப் பனியில் மூக்கிலிருந்து ஆவி பறக்க ஓடிய அவற்றின் உடம்புதான் நினைவுக்கு வந்தது.

கல்லூரி நூலகத்தில்தான் மார்க்கோ போலோவைப் படித்தேன். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தவர் அவர். காயல் துறைமுகத்தையும் பார்த்தார், எங்கள் குமரியையும் குறிப்பிட்டார். அரபுக் கரைகளிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரை வருகிறது. இங்குள்ள அரசர்கள் ஆளுக்கு இரண்டாயிரம் என்று வருஷந்தோறும் வாங்குகிறார்கள். வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதுகிறார். காரணமும் சொல்கிறார்: பார்க்கத் தெரிந்த ஆள் இல்லை, லாடக்காரன் இல்லை, வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் தீனியாகப் போடுகிறார்கள். விற்கிற வியாபாரிகளும் லாடக்காரன் யாரையும் இந்தப் பக்கம் வரவிடுவதில்லையாம். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருஷ வியாபாரம் என்னாவது!

பயணி சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுப் படித்தாலும் எனக்கு வயிறு கலங்கியது. மாணிக்கவாசகர் கதை உடனே ஞாபகம் வந்தது. குதிரை வாங்கக் கொடுத்த பணத்தில் மந்திரி திருப்பெருந்துறையில் கோயில் கட்டிவிட்டார். சிவன் நரிகளைப் பரியாக்கிக் கொண்டுவந்து நிறுத்தினார். ராத்திரி அவை மறுபடி நரியாகி லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. பக்தர்கள் கோபிக்கக் கூடாது, இது ஒரு மாட்டு டாக்டரின் சொந்தக் கற்பனை: கஜானாவைக் கொட்டி வாங்கிய குதிரைகள் விடிந்ததும் லாயத்தில் செத்துக் கிடப்பது பாண்டிய நாட்டில் அடிக்கடி நடந்திருக்க வேண்டும். அதற்கு ஊர் ஒரு காரணம் தேடியிருக்கும். சோற்றுப்பானையைச் சந்தேகிக்க யாருக்கும் மனம் வரவில்லை, பழி நரிமேல் விழுந்தது.

படிப்பு முடிந்து அரசு வேலை. எழுபதுகளில் எங்கள் துறைக்குக் கலப்பின மாடுதான் உயிர்மூச்சு. ஜெர்சி சினை ஊசி, கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசி, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து. அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார், "எம்மவன் குதிரைக்குப் படிச்சிட்டு கோழிக்கு ஊசி போடுதான்." நான் அதில் குறைப்படவில்லை. மாட்டின் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஒரு ஆயுளைக் கழிக்கலாம். இருந்தாலும் சென்னையிலிருந்து வரும்போது சொந்தக் காசில் வாங்கிவந்த, குதிரையின் மூக்கு வழியாக வயிற்றுக்குள் விடுகிற ரப்பர் குழாய் ஒன்று எங்கள் வீட்டுப் பீரோவில் வருஷக்கணக்கில் சுருண்டு கிடந்தது. என் மனைவி அதைப் பாம்பு என்றுதான் சொல்வாள். பட்டுப்புடவை அடுக்குக்குப் பக்கத்தில் அதற்கு இடம் கொடுத்ததை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை.

பாம்பு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். குதிரையே இல்லாத எங்கள் நாட்டில் குதிரையால் பிழைத்தவர்கள் ஏராளம். கதிரறுப்பில் கண்ணாடி விரியன் கடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால் அங்கே ஏற்றுகிற விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து வருவது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்தையும் குதிரைக்குத் துளித்துளியாகக் கொடுத்து, அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அதன் ரத்தத்தில் எதிர்ப்பு ஊறியதும் கொஞ்சம் எடுத்துச் சுத்தம் செய்து மருந்தாக்குவார்கள். பம்பாய் ஹாப்கின் கழகம் போன்ற இடங்களில் இதற்கென்றே லாயங்கள் இருந்தன. விஷம் எடுத்துக்கொடுப்பது, 1978-இல் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். என் வயதுக்காரர்களுக்கு ஏ.டி.எஸ். ஊசி ஞாபகமிருக்கும், ஆணி குத்தினால் கையில் முதலில் ஒரு சொட்டுப் போட்டு, தடிக்கிறதா என்று பார்த்துப் பிறகு போடுவார்களே, அதுவும் குதிரைதான். அறுப்புக்களத்தில் இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். "சாமி வாகனம்லா, அதான் காப்பாத்துது" என்பாள் ஒரு கிழவி. அந்த விளக்கத்தோடு நான் சண்டைக்குப் போனதில்லை.

கொஞ்ச காலம் ஈரோட்டுப் பக்கம் மாற்றலில் இருந்தேன். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவோடு குதிரைச் சந்தை கூடும். முதல் தடவை உள்ளே நுழைந்தபோது என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டேன். கண்ணுக்கெட்டின தூரம் குதிரை. காதுமுனைகள் இரண்டும் வளைந்து ஒன்றையொன்று தொடும் காட்டியவாரி, மார்வாரி. உடம்பெல்லாம் வெள்ளையும் தோல் ரோஜா நிறமுமான நுக்ரா. வண்டிக்கான நாட்டு மட்டங்கள். காலிடுக்கில் ஒளிகிற குட்டிகள். தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பல் பார்த்துச் சொல்கிறேன் என்று தெரிந்ததும் என்னைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. முன்பல் நடு ஜோடி இரண்டரை வயதில் விழுந்து முளைக்கும், அடுத்தது மூன்றரையில், ஓரத்தது நாலரையில். ஐந்தில் வாய் நிறையும். அதற்குமேல் பல்லின் தேய்மானத்தைப் பார்த்துத்தான் வயசு சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதுக் குதிரையை ஏழு என்று விற்றுக்கொண்டிருந்த ஒரு தரகர் என்னைத் தனியே டீ குடிக்கக் கூப்பிட்டார். மரியாதையாக மறுத்தேன். டீ நல்ல டீயாகத்தான் இருந்திருக்கும்.

பீரோவிலிருந்த குழாய்க்கு வேலை வந்தது எண்பதுகளில், ஊருக்குத் திரும்பிய பிறகு. திட்டுவிளையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வாடகைக்கு வந்த வெள்ளைக் குதிரை. ஊர்வலம் முடிந்து கட்டிப்போட்டிருந்ததைச் சுற்றிப் பிள்ளைகள் கூடி, பந்தியில் மிஞ்சிய நெய்ச்சோற்றை இலை இலையாக ஊட்டியிருக்கின்றன. பந்தல் நிறையப் பாசம். அது தின்றுகொண்டே இருந்திருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு ஜீப்பில் ஆள் வந்துவிட்டது.

நான் போகும்போது குதிரை தரையில் கிடந்து உருண்டுகொண்டிருந்தது. வேர்வை சோப்பு நுரையாக வழிந்தது. திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தது. வயிற்றுவலியின் அடையாளம் அது. தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை வைத்து நாடி பார்த்தேன். நாற்பதுக்குள் இருக்க வேண்டியது எழுபதைத் தாண்டிவிட்டது. விலாவில் காதை வைத்தால் குடல் சத்தம் இல்லை. குதிரை வயிறு எப்போதும் இரைந்துகொண்டிருக்க வேண்டும். அமைதி வந்தால் ஆபத்து. வலிக்கு ஊசி போட்டு, எழுப்பி நிறுத்தி, குழாயை எடுத்தேன். மூக்கு வழியாக விடும்போது அது மூச்சுக்குழலில் போய்விட்டால் மருந்து நுரையீரலில் இறங்கிக் கதை முடிந்துவிடும். விழுங்கும் நேரம் பார்த்துத் தள்ளி, கழுத்தின் இடதுபக்கம் அது இறங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தேன். முதலில் ஒரு புளித்த காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. பாரபின் எண்ணெயைப் புனல் வைத்து ஊற்றினேன்.

பிறகு நடை. உருளவிட்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்ற பயத்தில் அந்தக் காலத்தில் நடத்திக்கொண்டே இருப்போம். கல்யாண வீட்டு ஆண்கள் முறை வைத்துக்கொண்டு கடிவாளத்தைப் பிடித்தார்கள். புது மாப்பிள்ளையும் வந்து நின்றான். "என்னத் தூக்கிட்டு வந்த குதிரல்லா டாக்டரே, நானும் ஒரு நட பிடிக்கேன்" என்றான். உள்ளே மணப்பெண் காத்திருக்க, ராத்திரி இரண்டு மணிக்குக் குதிரையோடு நடந்த மாப்பிள்ளையை நான் வேறெங்கும் கண்டதில்லை. பெரியவர் ஒருவர் ஓதிக்கொண்டே வந்தார். சுபுஹு பாங்கு சொல்லி முடித்த சற்று நேரத்தில் குதிரை வாலைத் தூக்கியது. எண்ணெயில் மினுங்கிக்கொண்டு லத்தி விழுந்தது. திட்டுவிளையில் அன்றைக்கு எழுந்த ஆரவாரத்தை மணமகன் குதிரையேறியபோதுகூடக் கேட்டிருக்க மாட்டார்கள். பெண்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

மாமா அதற்கு வெகு முன்பே தொழிலை விட்டிருந்தார். டவுன் பஸ் கூடியது, டாக்சி வந்தது, பிறகு ஆட்டோ. மற்ற வண்டிக்காரர்கள் கிழட்டுக் குதிரைகளைத் தெருவில் விட்டுவிட்டார்கள். குப்பையில் வாழைத்தோல் பொறுக்கிக்கொண்டு அவை கொஞ்ச நாள் அலையும், பிறகு காணாது. மாமா ராசாத்தியை விடவில்லை. சம்பாத்தியம் இல்லாத குதிரைக்குக் காணம் வாங்குகிறார் என்று மாமிக்கு ஆத்திரம். "வீட்ல புள்ளைக்கு ரேஷன் அரிசி, மவராணிக்குக் காணம்" என்று வாசலில் நின்று தெருவுக்கே சொல்வார். அடுத்த நிமிஷம் அவரே தவிடும் தண்ணீரும் கொண்டுபோய் வைப்பார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நான் போய் அதன் பல்லைப் பார்ப்பேன். கடைவாய்ப்பல் கூராகி நாக்கைக் கிழித்துக்கொண்டிருந்தது, அரம் வைத்துத் தேய்த்துவிட்டேன். நான் குதிரைக்குச் செய்த முதல் வைத்தியம் அதுதான். ராசாத்தி செத்தபோது பக்கத்துத் தோப்புக்காரர் தன் தோப்பில் புதைக்கச் சொன்னார். மாமா நெகிழ்ந்துபோனார். தோப்புக்காரரோ குழி எந்த இடம் என்பதில் கறாராக இருந்தார்: வடகிழக்கு மூலையில், காய்ப்பு நின்றுபோன தென்னைக்கு நாலடி தள்ளி. மரம் மறுபடி காய்த்தது. முதல் குலையிலிருந்து இரண்டு தேங்காய் மாமா வீட்டுக்கு வந்தது. மாமி வாங்கிக்கொள்ளவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு பரிவேட்டை பார்க்க முடிந்தவரை போகிறேன். அம்மன் ஏறிய வெள்ளிக் குதிரையை எல்லாரும் கும்பிடுவார்கள். நானும் கும்பிடுவேன். அதற்கு முன்னால் நடக்கிற உயிருள்ள குதிரைகளின் காலைத்தான் என் கண் தேடும். லாடம் தேய்ந்து வழவழப்பான காலோடு சிமெண்ட் ரோட்டில் நடத்துகிறார்கள். காதருகே செண்டை, பின்னால் வெடி. வருஷத்தில் மீதி நாளெல்லாம் அந்தக் குதிரைகள் எங்கே நிற்கின்றன, என்ன தின்கின்றன என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கூட்டத்துப் பொறுப்பாளர்களிடம் ஒருமுறை சொன்னேன்: வெடியை நூறடி தள்ளி வையுங்கள், வழியில் இரண்டு இடத்தில் தண்ணீர்த் தொட்டி வையுங்கள். "சார், அம்மன் பாத்துக்குவா" என்றார்கள். வெள்ளிக் குதிரைக்கு வருஷாவருஷம் பாலிஷ் போட ஆள் வைக்கத் தெரிந்த ஊர் இது. மறு வருஷம் ஒரு தொட்டி வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது ஆரல்வாய்மொழியில் ஒரு இளைஞர் அந்தியூரிலிருந்து காட்டியவாரி ஒன்று வாங்கி வந்திருக்கிறார். காற்றாலை வேலைக்காரர், சம்பாதித்த காசையெல்லாம் அதில் போட்டுவிட்டு வீட்டில் ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். எங்கள் மாவட்டத்தில் குதிரைக்குச் சற்றே பொருந்துகிற இடம் அதுதான். மழை மறைவு, மண் காய்ந்தது, கணவாய்க் காற்று ஈயை ஓரிடத்தில் நிற்கவிடாது. திருமலை நாயக்கரின் குதிரைப்படை அந்தக் கணவாய் வழியாகத்தான் வந்ததாக இரவிக்குட்டிப் பிள்ளை கதையைப் பாடுகிறவர்கள் சொல்வார்கள். அந்த இளைஞர் எனக்கு வாட்ஸ்அப்பில் குதிரையின் லத்தியைப் படமெடுத்து அனுப்புகிறார். காலை காப்பியோடு அதைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன் என்று மனைவிக்குக் கோபம். காணத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன், காய்ந்த புல்லைக் கூட்டச் சொன்னேன், ரணஜன்னி ஊசிக்கு மருந்து வாங்கி வைக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பல்லைப் பார்க்க வேண்டும். லாடக்காரர் திருநெல்வேலியிலிருந்து வரத் தயார்தான். ஒரே ஒரு குதிரைக்காக இவ்வளவு தூரமா, வேறு ஒன்றிரண்டு இருந்தால் சேர்த்துவைத்துக் கூப்பிடுங்கள் என்கிறார். பூதப்பாண்டிப் பக்கம் யாரோ வைத்திருக்கிறார்களாம், விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.